நூறு ரூபாய் வெட்டு

அப்போதெல்லாம் எம்.எல்.ஏ.வைப் பிடிக்க வேண்டுமென்றால் அவர் பல் தேய்ப்பதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பல் தேய்த்து முகம் கழுவிவிட்டால் ஊர் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். காதுகுத்து, கருமாதி, வாய்க்கால் தகராறு, ஓடிப்போன பெண்ணின் பஞ்சாயத்து. வேங்கிக்கால் ஸ்டாப்பிங்கில் முதல் பஸ் ஏறிப் போய், இருட்டு பிரியும்போது அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். லுங்கி, பனியன், வாயில் ஒதுக்கிய வேப்பங்குச்சி. “வாய்யா, நிருபர். காப்பி குடிச்சியா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கொல்லைப்பக்கம் போய்விடுவார். காப்பி மட்டும் வந்துவிடும்.

எந்தத் தொகுதி என்று யூகிக்க வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் இப்போது எட்டுத் தொகுதிகள்: செங்கம், திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், கலசபாக்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி. எனக்குப் பழக்கமான நாலைந்து பேரைத் தட்டிக்கொட்டி ஒருவராக்கித்தான் எழுதுகிறேன். கட்சியையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப்பேர் படிப்பதை இங்கேயே நிறுத்திவிடுவீர்கள், மீதிப்பேர் ரசித்துப் படிப்பீர்கள். இரண்டும் எனக்கு நல்லதல்ல.

நான் ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபர். எழுதினால் சென்டிமீட்டர் கணக்கில் காசு, எழுதாவிட்டால் அடையாள அட்டை மட்டும். செய்தியை எழுதிக் கவரில் போட்டு வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் அங்கே பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் பையன் வாங்கிக்கொள்வான். கண்டக்டர் மறந்துவிட்டால் அன்றைக்கு மாவட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் வேங்கிக்கால் அப்போது பெரிய ஊரில்லை. வேலூர் ரோடு, ஏரி, ஏரிக்குக் கீழே கழனி, மேட்டில் மல்லாட்டை. 1989 செப்டம்பர் 30-ஆம் தேதி வடாற்காட்டைப் பிரித்து, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று நீளமாகப் பெயர் வைத்தார்கள். 1997-ல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களையும் மன்னர்களையும் இறக்கிவிட்டபோது சம்புவராயரும் இறங்கிக்கொண்டார். ஆனால் கலெக்டர் ஆபீஸ் எங்கள் ஊருக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. மல்லாட்டை போட்ட நிலமெல்லாம் மனை ஆனது. மனுக் கொடுக்க மாவட்டமே வேங்கிக்காலில் வந்து இறங்கியது. எங்களுக்கு அது பெருமை. டீக்கடைக்கு வியாபாரம்.

எங்கள் பக்கத்துக்குச் சட்டசபை ஒன்றும் புதிதில்லை. 1957-ல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்று சட்டசபைக்கு அனுப்பிய 15 பேரில் திருவண்ணாமலை ப.உ.சண்முகம் ஒருவர். அதே தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த இரண்டே இரண்டு எம்.பி.க்களில் ஒருவர் திருவண்ணாமலை இரா.தர்மலிங்கம். அந்தச் சபையில்தான் குளித்தலை எம்.எல்.ஏ. மு.கருணாநிதி, நங்கவரம் பண்ணைக் குத்தகை விவசாயிகளுக்காக முதல் பேச்சைப் பேசினார். என் சின்ன வயதில் டீக்கடைப் பெரியவர்கள் இதையெல்லாம் நேரில் கேட்டவர்கள் மாதிரியே சொல்லுவார்கள். யார் என்ன கேள்வி கேட்டார், மந்திரி எப்படி மடக்கினார், இவர் எப்படித் திருப்பி மடக்கினார் என்று. அவர்களில் யாரும் கோட்டைப்பக்கம் போனவர்கள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் என் ஆசிரியருக்கு ஒரு யோசனை தோன்றியது. ‘உங்கள் எம்.எல்.ஏ.விடம் ஐந்து கேள்விகள்.’ வாரம் ஒருவர், புகைப்படத்தோடு. ஐந்து கேள்விகளையும் நான்தான் தயாரித்தேன். எனக்கு அதில் ரொம்ப நாள் கர்வம் இருந்தது. தொகுதிக்கு என்ன செய்தீர்கள்? இன்னும் என்ன செய்யப்போகிறீர்கள்? குடிதண்ணீர்ப் பிரச்சினைக்கு என்ன தீர்வு? பஸ் வசதி? மக்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?

வேப்பங்குச்சிக்காரர் ஐந்துக்கும் பதில் சொன்னார். அவர் வீட்டுத் திண்ணையைப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். சட்டைப் பையில் லெட்டர்பேடு, காதில் பேனா. தாசில்தாருக்கு ஒரு கடிதம், ஆஸ்பத்திரிக்கு ஒன்று, ஹாஸ்டல் வார்டனுக்கு ஒன்று. எழுதும்போதே “இது வேலைக்காவாது, ஆனா எடுத்துனு போ” என்றும் சொல்லிவிடுவார். சென்னையில் அவருக்கென்று எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் இருந்த அறையில் எப்போதும் தொகுதிக்காரர்கள் படுத்திருப்பார்கள். ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போன கிட்னிக்காரர், அவருக்குத் துணைக்குப் போன மச்சான், மச்சானைப் பார்க்கப் போன இன்னொருவர். ஒரு தடவை நான் போனபோது எம்.எல்.ஏ. வராந்தாவில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் ஓர் அம்மாள், தலைமாட்டில் எக்ஸ்ரே கவர்.

இதைத்தான் இருபது வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து எம்.எல்.ஏ. என்றால் எளிமை, நேரில் பார்க்கலாம், துண்டு விரித்துப் படுப்பார். ஆனால் பாவம், கொள்கை, சட்டம், திட்டம் என்று ஒரு வார்த்தை பேசத் தெரியாது, லெட்டர்பேடோடு சரி. இது என் தீர்ப்பு. பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

இப்போது எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது வேறு கலை. முதலில் உதவியாளருக்கு வாட்ஸ்அப்பில் வணக்கம் அனுப்ப வேண்டும். நீலக் கோடு இரண்டு விழும், பதில் வராது. இன்னொரு வணக்கம். மூன்றாம் நாள், “சார், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வருவாங்க, அங்க பாத்துடலாம்” என்று வரும். அது எனக்கு வசதி. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். கேட்டிலேயே போலீஸ் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. ஒரு கிழவி பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்ததைப் பார்த்தேன்: பட்டா நகல், ரேஷன் கார்டு, இறப்புச் சான்று, வெற்றிலை, ஒரு தண்ணீர் பாட்டில். பெண் போலீஸ் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கிழவி அதை வாங்கி ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே.

எம்.எல்.ஏ. வந்தார். அவருக்கு முன்னால் போனைத் தூக்கிப் பிடித்து, பின்னோக்கி நடந்தபடி ஒரு பையன் வந்தான். கீழே பள்ளம் இருக்குமே என்று எனக்குத்தான் பதறியது, அவனுக்குப் பழக்கம். ஐந்து நிமிஷம் கிடைத்தது. “உங்கள் கொள்கை யோசனை என்று ஏதாவது, சட்டசபையில் கொண்டுவர நினைப்பது...” என்று ஆரம்பித்தேன். மரியாதையான மனிதர், சிரித்தார். “கொள்கை எல்லாம் தலைமை பாத்துக்கும் சார். நம்ம தொகுதிக்கு என்ன வேணும்னு கேளுங்க” என்றார். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், அதில் எத்தனை ஹைமாஸ், எத்தனை நிழற்குடை, எத்தனை சிமென்ட் ரோடு என்று விரல்விட்டுச் சொன்னார். கணக்கு சுத்தம். அதற்குள் ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு வந்துவிட்டார். மறுநாள் எனக்கு அந்த வீடியோ வந்தது. நான் கேட்டதும் அவர் சொன்னதும் அதில் கேட்காது, மேலே பாட்டுப் போட்டிருந்தார்கள். நான் தலையாட்டுவது மட்டும் நன்றாக விழுந்திருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்.எல்.ஏ.வின் பேச்சைக் கேட்க இப்போது வேலூர் பஸ் கண்டக்டரை நம்ப வேண்டியதில்லை. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள். நானும் பார்க்கிறேன். உறுப்பினர் எழுந்ததும் நன்றி, வணக்கம், புகழ்மாலை. ஒரு மந்திரிக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, தலைவருக்கு ஐந்து. அதற்கப்புறம் ஒரு பாலம். மந்திரி, “நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்” என்பார். உட்காருவார்கள். 2021 தேர்தலில் ஜெயித்தவர்கள், சட்டசபையை வருஷத்துக்கு 100 நாள் நடத்துவோம் என்று ஒரு வாக்குறுதியே கொடுத்திருந்தார்கள். நூறை எட்டவில்லை. எட்டியிருந்தால் இன்னும் எத்தனை பாலம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதினார். தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாத முக்கியமான பத்துக் கோரிக்கைகளை 15 நாளுக்குள் கலெக்டரிடம் கொடுங்கள் என்று. கட்சி பேதம் இல்லாமல் எல்லோருக்கும். கலெக்டர் ஆபீஸ் எதிரிலேயே டீ குடிக்கிறவர்கள் நாங்கள், சும்மா இருப்போமா? பழைய பேப்பர் ஒன்றில் நாங்களும் பத்துப் போட்டோம். பைபாஸ், நிழற்குடை, ரேஷன் கடை, பௌர்ணமிக்குக் கழிப்பறை, நாய்த் தொல்லை. ஒன்பது வந்தது. பத்தாவதாக, “ஏரிக் கோடி வாய்க்கால்” என்றேன். மழை பிடித்தால் ஏரி நிரம்பி, கோடி போகிற தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்கும் ரோட்டுக்கும் வருகிறது. வாய்க்கால் மேல் வீடுகள், அவற்றில் ஒன்று எங்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தவருடையது. பத்தாவதை நாய்த் தொல்லையோடு சேர்த்துவிட்டார்கள்.

இப்போது என் ரெக்ஸின் பை ஒன்றுக்கு வருகிறேன். என் பழைய குறிப்பு நோட்டுகள் அதில்தான் கிடக்கின்றன. போன ஐப்பசியில் மழை ஒழுகி அலமாரி நனைந்தபோது வெயிலில் காயப்போட்டேன். தொண்ணூறுகளின் நோட்டு ஒன்று விரித்தபடி காய்ந்துகொண்டிருந்தது. வேப்பங்குச்சிக்காரரின் ஐந்து பதில்கள். அதற்குக் கீழே, கேட்காத கேள்விக்கு அவராகச் சொன்ன பதில் ஒன்றரைப் பக்கம்:

‘நூறு ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா பொதுப்பணித் துறை ஏரி. அதுக்குக் கொறைஞ்சா ஊராட்சி ஒன்றியம். வரத்துக் கால்வாய் வருவாய்த் துறை. மேல வனத்துறை. மேல ஏரி கோடி போனா கீழ ஏரிக்கு வரணும். தண்ணிக்கு இந்த நாலு ஆபீஸும் தெரியாது. ஒரு சங்கிலியில இருக்கிற ஏரி எல்லாத்தயும் ஒரே கையில குடுக்கணும், அதுக்கு ஒரு சட்டம் வேணும். மானியக் கோரிக்கையில பேசலாம்னு கீறேன்.’

பக்கத்து ஓரத்தில் என் கையெழுத்து: ‘சுவாரசியமில்லை. விட்டுவிடலாம்.’

விட்டுவிட்டேன். கொஞ்சம் இடம் இருந்திருந்தாலும் ஆசிரியர் விட்டிருப்பார். அந்த வாரம் ஆடித் தள்ளுபடி விளம்பரம் நாலு காலம். அச்சில் வந்ததெல்லாம் பஸ் வசதியும் வேட்டி கட்டிய புகைப்படமும்தான். அவர் அதை லேமினேட் செய்து ஹாலில் மாட்டியிருந்தார் என்று கேள்வி.

போய்ப் பார்த்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். காது மந்தம், ஆனால் ஞாபகம் கெட்டி. திண்ணை போய்ச் சிட்அவுட் வந்திருக்கிறது. மருமகள் காப்பி கொண்டுவந்தாள். நோட்டைக் காட்டிப் படித்தேன்.

“பேசுனீங்களா ஐயா, மானியக் கோரிக்கையில?”

“பேசுனேன். வெட்டுத் தீர்மானமே குடுத்தேன்.”

தெரியாதவர்களுக்கு: ஒரு துறைக்கு அரசு பணம் கேட்கும்போது, அதில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் எழுதிக் கொடுக்கலாம். நூறு ரூபாய் முக்கியமில்லை. எந்த விஷயத்தில் குறை இருக்கிறது என்று சபைக்குச் சொல்ல அது ஒரு சாக்கு. கோடிக்கணக்கான ரூபாயிலிருந்து நூறு.

“நீங்க எதிர்க்கட்சியா அப்போ?”

“எந்தக் கட்சியா இருந்தா இன்னா தம்பி? வெட்டுத் தீர்மானம் குடுத்தா மட்டும் நூறு ரூபா கொறைஞ்சிடுமா? கடைசில ஓட்டு. கொறடா சொன்ன பக்கம் கை. எண்பத்தஞ்சுல கட்சித் தாவல் சட்டம் வந்துட்டுது. அதுக்கப்புறம் கொறடாவை மீறி ஓட்டுப் போட்டா பதவி போவும். தாவுறவனைப் பிடிக்கப் போட்ட சட்டம், யோசிக்கிறவனையும் சேத்துப் பிடிச்சிடுச்சி. ஏழு நிமிஷம் குடுத்தாங்க. ஏரியைப் பத்தி ஆரம்பிக்கும்போது மணி அடிச்சிட்டாங்க. அதுக்கு முன்னாடி நன்றி சொல்லவே ஆறு நிமிஷம் ஆயிடுச்சி.”

அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். நேரலையைப் பார்த்துப் பழைய காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட்ட என் மாலை நேரங்கள் சில நினைவுக்கு வந்தன.

பிறகு அவர் கேட்டார், “அஞ்சு கேள்வி கேட்டியே, அதுல சட்டசபையைப் பத்தி ஒண்ணாவது இருந்துச்சா?”

இல்லை. பஸ் இருந்தது, குடிதண்ணீர் இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சட்டம் செய்யும் சபைக்கு ஒருவரை அனுப்பிவிட்டு, முப்பது வருஷமாக அவரிடம் நான் மேஸ்திரிக் கணக்குக் கேட்டிருக்கிறேன். அவர்களும் மேஸ்திரியாகவே மாறிக்கொண்டார்கள். நல்ல மேஸ்திரிகள்தான், சிமென்ட் ரோடு சாட்சி.

பழைய கதை என்று விட்டுவிட முடியவில்லை. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. சட்டசபைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டத் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எழுந்து வெளிநடப்புச் செய்தன. நாடு முழுக்கச் சத்தம். மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள்.

அதே வெள்ளிக்கிழமை இன்னொரு மசோதாவும் நிறைவேறியது, விவாதமே இல்லாமல். தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத ஒரு பெரிய திட்டத்துக்கு நிலம் எடுக்கும்போது நடுவில் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால் அதையும் சேர்த்து என்ன செய்யலாம் என்று சொல்வது அது. நீர் கொள்ளளவு குறையக் கூடாது, நிபுணர் குழு பார்க்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை உண்டு. போதும் என்கிறது அரசு, போதாது என்கிறார்கள் சூழல் ஆர்வலர்களும் விவசாயிகளும். கொள்ளளவை அளந்து இடம் மாற்ற ஏரி ஒன்றும் சின்டெக்ஸ் டேங்க் இல்லை, அதற்கு வரத்தும் போக்கும் உண்டு என்பது என் கட்சி. யார் பக்கம் நியாயம் என்பதைக்கூட விடுங்கள். ஏரிகளால் ஆன மாவட்டம் இது. இங்கிருந்து எட்டுப் பேர் அந்தச் சபையில் இருந்தார்கள். அந்தச் சபையின் துணை சபாநாயகர் கு.பிச்சாண்டியும் எங்கள் மாவட்டத்துக்காரர்தான். ஏரியைப் பற்றிய அந்தச் சட்டம் வந்தபோது யாரும் இங்கே யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அது நிலைத்துவிட்டது.

அன்று நான் எங்கே இருந்தேன் என்று நோட்டைப் பார்த்தேன். இருந்தது. ‘21.4.23. சித்ரா பௌர்ணமி வருகிறது. கிரிவலப் பாதையில் விளக்கு. எம்.எல்.ஏ. தரப்பில் கேட்க வேண்டும்.’

போன திங்கட்கிழமை ஒரு காரியம் செய்தேன். வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு, பஸ் ஏறி, ஓர் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது மேலே சொன்ன அதே கணக்கு. கோரிக்கை எதுவும் இல்லை. ஒரு கேள்விதான்: ‘2023-ஆம் ஆண்டின் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைப் பற்றித் தங்கள் கருத்து என்ன? அன்று சபையில் தாங்கள் பேச விரும்பியிருந்தால் என்ன பேசியிருப்பீர்கள்?’

உதவியாளர் இளைஞர், நல்ல பையன். உட்காரச் சொல்லி, படித்தார். மறுபடியும் படித்தார். கம்ப்யூட்டரில் மனுவைப் பதிய வேண்டும், பதிந்தால்தான் ரசீது எண் வரும். திரையில் வரிசையாக இருந்தது: பட்டா, முதியோர் உதவித்தொகை, சாலை, தெருவிளக்கு, குடிநீர், வேலைவாய்ப்பு, மருத்துவம்.

“இதுல எது சார் இது?”

“ஏரி சம்பந்தப்பட்டதுப்பா.”

“அப்ப குடிநீர்” என்று சொல்லி, அதைத் தட்டி, ரசீது கொடுத்தார்.